முதலில் வந்தவருக்குப் பரிசைக் கொடுங்கள், பதிவைப் பிறகு கேளுங்கள்

தமிழ்நாட்டில் தடகளச் சங்கங்களை நடத்தும் பெரியோர்களுக்கும், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் ஓட்டப்போட்டி நடத்த வரும் அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கொடைக்கானல் மேல்மலையில் அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்துப் பிள்ளைகளை குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனவன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் காலையில் ஓட வருகிறவர்களோடு நிற்கிறேன். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். இப்போது பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் வேலை செய்கிறார்கள், சிலர் விடுதிகளில் வேலை பார்க்கிறார்கள், சிலர் வாடகை ஜீப் ஓட்டுகிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மலையில் இப்போது ஓட்டப்போட்டிகள் பெருகிவிட்டன. பத்து கிலோமீட்டர், இருபத்தொன்று, மலைப்பாதை ஓட்டம் என்று வார இறுதிகளில் வெளியூரிலிருந்து ஏராளமானோர் வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஓட்டக்காரர்கள் வந்தால் டீக்கடைக்கும் தங்கும் விடுதிக்கும் பிழைப்பு நடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கும், தங்களைவிட வேகமாக ஓடுகிறவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும். ஆனால் இந்தப் போட்டிகளின் விதிமுறைத் தாளில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி இருக்கிறது. பரிசுத் தொகை தடகளச் சங்கத்தில் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்கிற வரி. அந்த வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்று இங்கே எழுதவில்லை. ஒருவர் மேல் புகார் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. மேல்மலையைச் சேர்ந்த ஒரு பெண், கல்யாணம் ஆனவர், காட்டு வேலைக்குப் போகிறவர், ஒரு பத்து கிலோமீட்டர் போட்டியில் பெயர் கொடுத்தார். எல்லோரையும் போல நுழைவுக் கட்டணம் கட்டினார். அது அவருடைய பல நாள் கூலி. எல்லோரையும் போல நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு, ஷூவில் நேரம் கணக்கிடும் டைமிங் சிப் கட்டிக்கொண்டு ஓடினார். பெண்களில் இரண்டாவதாக வந்தார். மேடைக்குக் கூப்பிட்டு மெடல் போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இறங்கி வந்த பிறகு மேசையில் உட்கார்ந்திருந்தவர் சங்கப் பதிவு எண் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எண் இல்லையென்றால் தொகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பரிசுப் பணம் மூன்றாவதாக வந்தவருக்குப் போனது, மூன்றாம் பரிசு நான்காவதாக வந்தவருக்கு.

மூன்றாவதாக வந்த அந்தப் பெண் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் எங்கோ ஒரு ஊரில் கஷ்டப்பட்டுப் பயிற்சி எடுத்தவர்தான், விதிப்படி வாங்கினார். எங்கள் கேள்வி விதியைப் பற்றியது. கட்டணம் வாங்கும்போது தேவைப்படாத எண், பரிசு கொடுக்கும்போது மட்டும் ஏன் தேவைப்படுகிறது? அந்தப் பெண் ஓடலாம், கூட்டத்தில் ஒருவராகப் படத்தில் நிற்கலாம், அவர் கட்டிய பணம் பரிசுத் தொகையில் சேரலாம், ஆனால் அந்தத் தொகையில் அவருக்குப் பங்கில்லை என்றால், அது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்யத்தான் முயற்சி செய்தோம். அந்த முயற்சி எப்படிப் போகிறது என்று உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் மலை திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேர இன்னும் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டர் கணக்கில் இது பெரிய தூரமாகத் தெரியாது. மலைப்பாதையில், இருக்கிற பஸ்ஸைப் பிடித்து, மூடுபனியிலும் மழையிலும் போய் வர ஒரு நாள் முழுதாகப் போய்விடும். கூலி போகும், பஸ் செலவு ஆகும், திரும்பி வர பஸ் கிடைக்காவிட்டால் கீழேயே தங்கவும் வேண்டும். போன இடத்தில் ஒரு கையெழுத்துக்குரியவர் இல்லையென்றால் மறுபடி இன்னொரு நாள்.

இது கொடைக்கானலுக்கு மேலே இருக்கிறவர்கள் கதை. வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி இருக்கிறது. காலங்காலமாக அந்த ஊர்க்காரர்கள் அரிசி மூட்டையையும் விளைச்சலையும் தலையிலும் குதிரையிலும் வைத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கியவர்கள். ஊருக்குள் செருப்புப் போடாத வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் சுமையோடு ஏறிப் பழகிய ஒரு பையனை நீங்கள் பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவனிடம் போய், ஆன்லைனில் விண்ணப்பம் போடு, போனுக்கு ஓ.டி.பி. வரும் என்று சொன்னால், சிக்னல் வருகிற பாறைக்கு அவன் முதலில் ஏறிப் போக வேண்டும்.

பயணம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தடை இன்னொன்று. தனி ஆளாகப் போய் நின்றால் முதல் கேள்வி 'எந்த கிளப்?' என்பதுதான். பள்ளியில் படிக்கிறவனுக்குப் பள்ளி இருக்கிறது, கல்லூரியில் இருப்பவனுக்குக் கல்லூரி இருக்கிறது. பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் காட்டு வேலைக்குப் போனவனுக்கு எது கிளப்? சமவெளியில் நகரத்துக்கு நாலு கிளப் இருக்கும், பயிற்சியாளர் இருப்பார், அவரே படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். மேல்மலையிலும் கீழ்மலையிலும் அப்படி யாரும் இல்லை. தாண்டிக்குடியிலோ பாச்சலூரிலோ காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சங்கத்தின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டக்கூட ஆள் கிடையாது. பிறகு பிறப்புச் சான்றிதழ். மலையில் வீட்டிலேயே பிறந்த முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் பலரிடம் அது இல்லை. ஜூனியர் பிரிவில் வயது மோசடி நடக்கிறது, அதைத் தடுக்கப் பிறப்புச் சான்று வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மாவட்டப் போட்டிகளில் மீசை முளைத்த பதினான்கு வயதுக்காரர்களைப் பார்த்து நானே எதிர்ப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வயது வரம்பே இல்லாத ஓப்பன் போட்டியில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானவரிடம் பிறந்த தேதிக்கு ஆவணம் கேட்டு என்ன ஆகப் போகிறது?

இந்த விளையாட்டில் சங்க உறுப்பினர் தகுதிக்கும் பரிசுப் பணத்துக்கும் உள்ள சண்டை நேற்று இன்று வந்ததல்ல. அந்த வரலாறு உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எங்கள் மலையிலிருந்து பார்க்கும்போது அது எப்படித் தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 1860களில் அமைந்த அமெச்சூர் (அதாவது பணத்துக்காக ஓடாதவர்) தடகள கிளப், யார் போட்டியிடலாம் என்று விதி எழுதியபோது, பணத்துக்காக ஓடியவர்களை மட்டும் விலக்கவில்லை. கைவினைஞர், தொழிலாளி, கூலிக்காரர் எல்லோரையும் பெயர் சொல்லி விலக்கியது. கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் உடம்பு ஏற்கெனவே உரமேறியது, அவனோடு கனவான்கள் போட்டி போடுவது சரியல்ல என்பது அவர்கள் வாதம். 1880-ல் அமெச்சூர் தடகளச் சங்கம் உருவானபோது அந்தத் தொழிலாளித் தடை போனது. பணத்தடை மட்டும் தங்கிவிட்டது. பெயர் சொல்லாமலே அது அதே ஆட்களைத்தான் தடுத்தது. சொத்து உள்ளவன் பரிசில்லாமல் ஓடலாம். கூலிக்காரன் ஒரு நாள் வேலையை விட்டு வந்து ஓடினால் அதற்கு ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

அதே இங்கிலாந்தின் வடக்கே ஏரி மாவட்ட மலைகளில், ஊர்த் திருவிழாப் பந்தயங்களில் மலையுச்சிக்கு ஓடி இறங்குகிறவர்களுக்குப் பணப்பரிசு கொடுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஓடியவர்கள் ஆடு மேய்ப்பவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள். அந்தச் சின்னத் தொகையை வாங்கிய ஒரே காரணத்துக்காக, அவர்கள் அமெச்சூர் சங்கப் போட்டிகளில் ஓட முடியாமல் போனது. ஒரே மலையில், ஒரே ஏற்றத்தில், இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஓடினார்கள். யார் வேகமானவர் என்று நேருக்கு நேர் நின்று தெரிந்துகொள்ளவே வழியில்லை. இருபதாம் நூற்றாண்டு முடியப் போகிற சமயம் வரைக்கும் இந்தப் பிரிவினை இருந்தது. மலையில் ஓடுகிற ஏழைகளுக்கு நடந்தது என்பதால் எனக்கு இது ஏதோ வெளிநாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

ஜிம் தோர்ப் கதை எல்லோரும் அறிந்ததுதான். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த அவர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் சிறு கிளப்புகளுக்குப் பேஸ்பால் ஆடிச் சொற்பக் காசு வாங்கியிருந்தார் என்று சொல்லி அடுத்த ஆண்டே பதக்கங்களைப் பறித்தார்கள். 1953-ல் அவர் இறந்துபோனார். 1982-ல்தான் தவறைத் திருத்த முடிவெடுத்தார்கள், அப்போதும் இன்னொருவரோடு கூட்டு வெற்றியாளர் என்றார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி எழுதியது 2022-ல். ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற பாவோ நூர்மியை, பயணச் செலவு என்ற பெயரில் அதிகப் பணம் வாங்கினார் என்று குற்றம் சாட்டி 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஓடவிடவில்லை. மாரத்தான் ஓடத் தயாராகி அந்த ஊர் வரைக்கும் போயிருந்தவர் அவர்.

இது எப்படி மாறியது என்பதுதான் எனக்கு முக்கியம். சங்கங்கள் தாமாக முன்வந்து மாற்றவில்லை, ஓட்டக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். 1981 ஜூனில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த காஸ்கேட் 15 கிலோமீட்டர் ஓட்டத்தில், முதன்முறையாக மேசைக்கு அடியில் இல்லாமல் எல்லோர் முன்னிலையிலும் பரிசுப் பணம் கொடுத்தார்கள். வாங்கினால் தடை வரும் என்று தெரிந்தே வாங்கினார்கள். பெண்களில் வென்ற நியூசிலாந்தின் ஆன் ஆடெய்னுக்கு 10,000 டாலர் கிடைத்தது, கூடவே தடையும் வந்தது. ஆனால் அத்தனை பேரையும் ஒரேயடியாக ஒதுக்கி வைத்துவிட்டு யாரை வைத்துப் போட்டி நடத்துவது என்ற நிலை சங்கங்களுக்கு வந்தது. அடுத்த ஆண்டே சர்வதேசக் கூட்டமைப்பு ஒரு வழி கண்டது. வென்ற பணத்தை ஒரு பொறுப்புக் கணக்கில் போட்டு வைக்கலாம், பயிற்சிச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கலாம், உறுப்பினர் தகுதி போகாது. இந்தப் பொறுப்புக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாஸ்டன் மாரத்தான் 1986-ல் பரிசுப் பணம் கொடுக்கத் தொடங்கியது. உலக சாம்பியன்ஷிப்பில் 1997-லிருந்து பணப்பரிசு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத்தில் தங்கம் வென்ற ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் என்று உலகத் தடகள அமைப்பே அறிவித்தது. நம் நாட்டில் 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானில் இந்திய வீரர்களுக்கென்றே தனிப் பரிசு இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக.

இவ்வளவு தூரம் வந்த பிறகு எங்கள் மலையில் நடப்பதைப் பாருங்கள். அன்று பணம் வாங்கினால் உறுப்பினர் தகுதி போனது. இன்று உறுப்பினராக இல்லாவிட்டால் பணம் போகிறது. விதி தலைகீழாகிவிட்டது, ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர் அன்றும் இன்றும் அதே கூலிக்காரர்தான்.

நாங்கள் மட்டும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் கிளப்பில் சேராதவர்கள் ஓடுவதற்கென்று அந்நாட்டுத் தடகளக் கூட்டமைப்பு ரன்கார்டு என்ற அட்டை கொடுக்கிறது. அதை வைத்து ஓடலாம், பணப்பரிசு மட்டும் வாங்க முடியாது. ஆக, இந்தப் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. இருப்பதாலேயே சரியாகிவிடாது. பிரிட்டனில் சங்க உரிமம் பெற்ற சாலை ஓட்டங்களில், எந்த கிளப்பிலும் இல்லாதவர் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டுவது நீண்ட நாள் வழக்கம். கிளப்பில் சேரவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, சங்கத்துக்கும் வருமானம் வருகிறது. இந்த மாதிரி ஏற்பாடு நமக்குச் சுலபமாகப் பொருந்தும்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சங்கம் வேண்டும். சங்கம் இல்லையென்றால் தூரத்தை யார் சரியாக அளப்பார்கள்? அளவு சரிபார்த்த சைக்கிளில் ஓட்டி, தூரம் குறைந்துவிடாதபடி ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துப் பாதையை அளக்கிற ஒழுங்கு சங்கங்களால்தான் வந்தது. எங்கள் மலையில் சில போட்டிகளில் பத்து கிலோமீட்டர் என்று சொல்லி ஓடவிடுவது ஒன்பதரையா பதினொன்றா என்று யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. மாநிலத் தேர்வுக்கும் தேசியப் போட்டிக்கும் ஆள் எடுக்கும்போது பதிவு கட்டாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற போட்டியில் வாங்கிய சான்றிதழ் இல்லாமல் அதற்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊக்க மருந்து விஷயமும் அப்படித்தான். பணம் வந்த இடத்தில் ஊசியும் வருகிறது என்ற பயம் வீண் பயம் இல்லை, நம் நாட்டு ஓட்டக்காரர்கள் பலர் பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் பதிவு எண் இருப்பதால் ஒருவர் சுத்தமானவர் என்று ஆகிவிடாது. பிடிபட்டவர்களில் பதிவு பெற்றவர்களும் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு உடன்படுகிறேன் என்று நுழைவுப் படிவத்திலேயே கையெழுத்து வாங்குங்கள், எண் இல்லாதவருக்கும் அது பொருந்தும். முடிவு வரும் வரை பணத்தை நிறுத்தி வையுங்கள். உலகத்தின் பெரிய மாரத்தான்களில் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

தமிழ்நாடு அரசே இதில் வழி காட்டியிருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களோடு பொதுப் பிரிவும் இருக்கிறது, அரசு ஊழியர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடத்துக்கு 1 லட்சம் ரூபாய், இரண்டாவதுக்கு 75,000, மூன்றாவதுக்கு 50,000. எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று அங்கே கேட்பதில்லை. அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். ஒரு லட்சம் ரூபாயை அரசாங்கம் அப்படிக் கொடுக்க முடிகிறது என்றால், ஐயாயிரமும் பத்தாயிரமும் கொடுக்கிற வார இறுதிப் போட்டிக்கு அதைவிடக் கடுமையான விதி எதற்கு?

ஐயாயிரம் என்பது உங்களில் பலருக்கு ஒரு ஜோடி ஷூவுக்கே பற்றாத தொகையாக இருக்கலாம். மேல்மலையில் அது வேறு கணக்கு. பூண்டு விலை விழுந்த வருடத்தில் ஐயாயிரம் என்பது பிள்ளையின் ஹாஸ்டல் செலவு. ஒரு தடவை அந்தப் பணம் கைக்கு வந்தால், மருமகள் காலையில் ஓடப் போவதை மாமியார் பார்க்கிற பார்வையே மாறிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'ஓடி என்ன கிடைக்கப் போகுது?' என்று கேட்ட அதே வீட்டில், அடுத்த போட்டி என்றைக்கு என்று கேட்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தப் பணம் பெரிது. ஓடுவதற்கு அனுமதி அதனால்தான் கிடைக்கிறது. அதை மேசையில் வைத்து மறுத்தீர்கள் என்றால் ஒரு பரிசு போவதோடு நிற்காது, அவர் மறுபடி ஓடவே வரமாட்டார். நான் மேலே சொன்ன பெண் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. காலையில் வந்து கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்கிறார்.

உயரத்தைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். கென்யாவின் ஓட்டக்காரர்கள் குவிந்திருக்கும் இட்டென் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்த இடத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு நெடுந்தூர ஓட்டத்தில் இருக்கிற பலத்தை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்காகத்தானே கீழேயிருந்து பயிற்சி முகாமுக்கு வீரர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வருகிறீர்கள். புதுக்கோட்டையின் வறண்ட சமவெளியிலிருந்து சூர்யாவும் லட்சுமணனும் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் ஆசிய அளவுக்குப் போனார்கள். அங்கே ஒரு பயிற்சியாளர் இருந்தார், ஒரு குழு இருந்தது. எங்கள் மலையில் உடம்பு இருக்கிறது, பாதை இருக்கிறது, அந்தக் குழுதான் இல்லை. மலை ஓட்டத்துக்கும் காட்டுப்பாதை ஓட்டத்துக்கும் இப்போது உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. முதலாவது 2022-ல் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்தது. அதற்கு ஆள் தேடி நீங்கள் எங்கே போவீர்கள்?

ஆகவே எங்கள் கோரிக்கை இது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஓடலாம் என்று அறிவிக்கும் போட்டியில், வந்த வரிசைப்படி பரிசு கொடுங்கள். பதிவு கட்டாயம் என்றால் அதை நுழைவின்போதே கேளுங்கள், எண் இல்லாதவரிடம் கட்டணமும் வாங்காதீர்கள். இரண்டில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்க வைத்து ஏமாற்ற வேண்டாம்.

அப்படியும் பதிவு வேண்டும் என்று சங்கம் சொன்னால், 1982-ல் பொறுப்புக் கணக்கு வைத்துச் செய்ததை இங்கேயும் செய்யலாம். வென்றவரின் தொகையைத் தனியாக ஒரு கணக்கில் வையுங்கள், அடுத்த இடத்தில் வந்தவருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். வென்றவர் பதிவு செய்துகொள்ள மூன்று மாதமோ ஆறு மாதமோ அவகாசம் கொடுங்கள். அன்று ஓட்டக்காரரின் தகுதியைக் காப்பாற்றப் பணத்தைக் கணக்கில் வைத்தார்கள். இன்று அவருடைய பணத்தைக் காப்பாற்ற வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு இப்படி அவகாசம் கொடுத்திருந்தால் நானே படிவத்தோடு திண்டுக்கல் போய் வந்திருப்பேன்.

பதிவைச் சுலபமாக்குவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கிளப் இல்லாத பெரியவர்கள் தனி ஆளாகச் சேர வழி வையுங்கள். போட்டி நடக்கிற அன்றைக்கே, நம்பர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் சங்கத்தின் ஆள் ஒருவர் உட்கார்ந்து, ஆதாரையும் ஒரு போட்டோவையும் வாங்கிக்கொண்டு பதிவு போட்டுக் கொடுக்கலாம். ஒரு நாள் உறுப்பினர் கட்டணம் என்று ஐம்பதோ நூறோ வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கொடைக்கானலிலும், கீழ்மலைக்காரர்களுக்காகப் பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ ஒரு முகாம் போடுங்கள். சந்தை கூடும் நாளாகப் பார்த்துப் போட்டால் கூட்டம் தானாக வரும்.

அமைப்பாளர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. விதிமுறையைத் தமிழில் அச்சடியுங்கள், பரிசு பற்றிய நிபந்தனையை முதல் பக்கத்தில் போடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை வையுங்கள். பெண்கள் குறைவாகத்தானே வருகிறார்கள் என்று காரணம் சொல்கிறீர்கள், தொகை குறைவாக இருந்தால் இன்னும் குறைவாகத்தான் வருவார்கள். மலைக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை கொடுங்கள், எங்கள் ரோட்டில்தானே ஓடுகிறீர்கள். இலவசம் கேட்கவில்லை, ஒரு நாள் கூலிக்குள் இருக்கட்டும்.

சங்கப் பெரியவர்களுக்கு இன்னொன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய அமைப்புகளின் செயற்குழுவில் சாதனை படைத்த வீரர்கள் இருவராவது, பெண்கள் நால்வராவது இருக்க வேண்டும் என்கிறது. அது மேல்மட்டத்துக்கு. மாவட்ட அளவிலும் அப்படி ஒரு இடத்தை ஓடுகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். மலையிலிருந்து ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், இந்தக் கடிதத்தில் நான் எழுதிய பஸ் கணக்கையும் கிளப் கணக்கையும் உங்களுக்குக் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார்.

மேல்மலையில் தொடர்ந்து ஓடுகிறவர்கள், ஓட விரும்புகிறவர்கள் பெயர்களை ஊர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாரிடம் ஆதார் இருக்கிறது, யாருக்கு வங்கிக் கணக்கு இல்லை, யாருக்குப் பிறப்புச் சான்று வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பதிவு முகாமுக்கு ஒரு தேதி குறித்து, பத்து நாள் முன்னால் சொன்னால் போதும். மேசை, நாற்காலி, நிழல், உங்களுக்குச் சாப்பாடு எல்லாம் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஜீப் வைத்துக் கூட்டி வருவது என் பொறுப்பு. அடுத்த போட்டிக்கான விண்ணப்பம் திறப்பதற்கு முன்னால் அந்தத் தேதி வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மேல்மலை, கொடைக்கானல் வட்டம்